இணைய வானொலியும் இசைக்கலைஞரின் உரிமைத்தொகையும்: தெலுக் இந்தான் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பாடுவோர்க்கும் பாட்டைப் பேணுவோர்க்கும் இடையிலான பொருளுறவு தமிழுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் அமைந்த ஆற்றுப்படை நூல்களுள் பெரும்பாலானவை இவ்வுறவையே பாடுபொருளாகக் கொண்டவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் எடுத்துரைப்பது அவற்றின் அமைப்பாகும். அங்கே பரிசில் என்பது வள்ளலின் கொடை. இன்று 'ராயல்டி' என வழங்கும் உரிமைத்தொகையோ கொடையன்று. சட்டம் கலைஞனுக்கு வழங்கியுள்ள உரிமை. ஆயினும் அவ்வுரிமை இருக்கும் இடமும் அதை அடையும் வழியும் அறியாத கலைஞர் பலர் நம்மிடையே உள்ளனர்.

வானொலி இணையத்திற்கு வந்தபின் இச்சிக்கல் புதிய வடிவம் பெற்றுள்ளது. இணைய வானொலியில் ஒரு பாடல் எத்தனை முறை ஒலித்தது, எத்தனை பேர் கேட்டனர் என்பதைத் துல்லியமாகக் கணக்கிட இயலும். கணக்கு துல்லியமாக இருந்தும் தொகை உரியவரைச் சென்றடையாமைக்குக் காரணம் என்ன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தொகையின் அளவு குறைவு என்பது ஒரு காரணமே. பாடலோடு கலைஞரின் பெயர் முறையாகப் பதிவாகாமை அதனினும் பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. இவ்விரண்டாவது காரணத்தைக் களைவதில் தமிழாசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நேரடிப் பங்கு உண்டு.

தெலுக் இந்தானும் பாட்டு மரபும்

பேரா ஆற்றின் கரையில், கீழ்ப்பேரா மாவட்டத்தில் அமைந்த தெலுக் இந்தான், 1982ஆம் ஆண்டு வரை தெலுக் ஆன்சன் என்றே அழைக்கப்பட்டது. நகரைச் சுற்றிலும் ஜெண்டராத்தா போன்ற தோட்டங்கள் அமைந்தன. இரப்பர், தென்னை, செம்பனை என்று பயிர்கள் மாறினும் அங்குக் குடியேறிய தமிழர்களின் பாட்டு மரபு தொடர்ந்து வந்தது. தாலாட்டும் ஒப்பாரியும், கோயில் பஜனையும் உருமி மேளமும், திருமண மேடைகளில் பாடும் இசைக்குழுக்களும் இம்மரபின் கிளைகள். இந்நகரின் தண்டாயுதபாணி கோயிலில் நடைபெறும் சித்திரா பௌர்ணமி விழா, இத்தகைய கலைஞர்கள் ஒன்றுகூடும் பெரும் களமாக இன்றும் திகழ்கிறது.

இம்மரபோடு வானொலியும் இணைந்தது. மலேசிய வானொலியின் தமிழ்ப்பகுதி 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பெற்றது. இன்று 'மின்னல் எஃப்.எம்.' என வழங்குவது அதுவே. தனியார் துறையில் 'ராகா' தோன்றியது. இவ்விரு நிலையங்களின் ஒலிபரப்பையும் இன்று இணையத்தின்வழி உலகில் எங்கிருந்தும் கேட்கலாம். இவையன்றி, இணையத்தில் மட்டுமே இயங்கும் தமிழ் வானொலிகளும் பல நாடுகளில் உள்ளன. தோட்டத்தில் ஒரு வீட்டு வானொலிப் பெட்டியைப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் போய், ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் தனித்தனியே கேட்கும் காலம் வந்துவிட்டது. உரிமைத்தொகையைக் கணக்கிடும் முறையையும் இம்மாற்றம் பாதித்துள்ளது.

ஒரு பாடலும் அதன் உரிமையாளர்களும்

விளக்கத்தின் எளிமை கருதி ஒரு கற்பனைப் பாடலை எடுத்துக்கொள்வோம். தெலுக் இந்தான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பாடல் எழுதுகிறார். அவ்வூர் இசைக்குழுவைச் சார்ந்த ஒருவர் அதற்கு மெட்டமைக்கிறார். ஒரு பெண் பாடுகிறார். இருவர் உருமி வாசிக்க, ஒருவர் விசைப்பலகை வாசிக்கிறார். ஈப்போவிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவாகிறது. பதிவுக்கான செலவை ஒரு தயாரிப்பாளர் ஏற்கிறார். பின்னர் அப்பாடல் இணைய வானொலி ஒன்றில் நாள்தோறும் ஒலிக்கிறது.

கேட்போர்க்கு இது ஒரே பாடல். சட்டத்தின் பார்வையிலோ இதில் மூவகை உரிமைகள் உள்ளன. முதலாவது, பாடல் வரிகளும் மெட்டும் ஆகிய படைப்புகளின் உரிமை; இது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது. இரண்டாவது, ஒலிப்பதிவின் உரிமை. இது பொதுவாகத் தயாரிப்பாளருக்கு உரியது. மூன்றாவது, பாடியும் வாசித்தும் நிகழ்த்தியவர்களின் உரிமை. பாடகியோடு உருமி வாசித்த இருவரும் விசைப்பலகை வாசித்தவரும் இதில் அடங்குவர். வானொலி நிலையம் பாடலை ஒலிக்கச்செய்யும்போது இம்மூவகை உரிமைகளும் ஒருசேரப் பயன்படுத்தப்படுகின்றன. இவ்வேறுபாட்டை அறியாத நிலையில், பாடகருக்கு ஒருமுறை ஊதியம் கொடுத்ததோடு அனைத்தும் முடிந்தது என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது.

மலேசியச் சட்டம் தருவதும் தராததும்

மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1997ஆம் ஆண்டின் திருத்தம், பொதுமக்களுக்கு ஒரு படைப்பைத் தெரிவித்தல் என்னும் உரிமையைக் கம்பிவழியும் கம்பியில்லாமலும் நிகழும் பரப்புகைகள் அனைத்தையும் உள்ளடக்குமாறு விரித்தது. பயனர் தாம் விரும்பும் இடத்திலும் நேரத்திலும் பெறுமாறு படைப்பைக் கிடைக்கச்செய்வதும் இதில் அடங்கும். ஆதலின் இணையத்தில் ஒலிபரப்புவது சட்டத்திற்கு அப்பாற்பட்டது என்று எவரும் கூறுதற்கில்லை. நிகழ்த்துநர் உரிமைகள் 2000ஆம் ஆண்டின் திருத்தத்தால் இடம்பெற்றன. நிகழ்த்துநரையும் ஒலிப்பதிவாளரையும் காக்கும் உலக அறிவுசார் சொத்துடைமை நிறுவன உடன்படிக்கையிலும் மலேசியா 2012ஆம் ஆண்டு இணைந்தது.

இச்சட்டத்தின் 16பி பிரிவு நம் கவனத்திற்குரியது. வணிக நோக்கில் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவை ஒலிபரப்பவோ வேறுவகையில் பொதுமக்களுக்குத் தெரிவிக்கவோ பயன்படுத்துவோர், நிகழ்த்தியவருக்கு நியாயமான ஊதியம் செலுத்தவேண்டும் என்பது அதன் சாரம். தமது நிகழ்ச்சி பதிவு செய்யப்படுவதற்கு ஒருமுறை இசைவளித்தபின், தடுத்து நிறுத்தும் தனியுரிமைகள் நிகழ்த்துநரை விட்டு நீங்குகின்றன. எனவே நம் பாடகிக்கும் உருமிக் கலைஞர்களுக்கும் எஞ்சி நிற்பது இந்த ஊதிய உரிமையே. எனினும், ஒரே தவணையில் கொடுக்கப்பட்டது என்னும் காரணத்தால் மட்டுமே ஓர் ஊதியம் நியாயமற்றதாகிவிடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. பதிவு நாளில் கையில் கொடுக்கப்பட்ட தொகை எதற்கானது என்று எழுத்தில் இல்லாவிடில், அது வாசித்ததற்கான கூலியா, எதிர்கால ஒலிபரப்புகளுக்கும் சேர்த்த முழுத்தொகையா என்பது வழக்குக்குரியதாகிவிடும்.

பாடலாசிரியரும் அறியவேண்டிய பிரிவு ஒன்று உண்டு. பிறர் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஒரு படைப்பை உருவாக்கினால், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அதன் பதிப்புரிமை கேட்டுக்கொண்டவரைச் சென்றடைந்ததாகவே 26ஆம் பிரிவு கருதுகிறது. பணியின் ஒரு பகுதியாக இயற்றியது பணியமர்த்தியவரைச் சேரும். தயாரிப்பாளர் கேட்டு எழுதிய பாடலாயின், நம் ஆசிரியர் ஒரு தாளில் நான்கு வரி ஒப்பந்தம் செய்துகொள்ளாமையால் தம் உரிமையையே இழக்க நேரிடும். படைப்பாளர் என்ற முறையில் தம் பெயர் குறிக்கப்பெறும் தார்மிக உரிமை மட்டுமே அவரிடம் நிற்கும்.

உரிமைத்தொகையைத் தனித்தனியே தண்டுதல் இயலாதாகையால் கூட்டு மேலாண்மை அமைப்புகள் தோன்றின. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக 'எம்.ஏ.சி.பி.' 1989ஆம் ஆண்டு தோன்றியது. ஒலிப்பதிவு உரிமையாளர்களுக்காக 'பி.பி.எம்.' அமைந்தது, பின்னர் நிகழ்த்துநர்களுக்கெனவும் அமைப்புகள் உருவாயின. ஒரே பாடலுக்காகப் பல அமைப்புகள் தனித்தனியே கட்டணம் கேட்பது கட்டணம் செலுத்துவோரிடையே குழப்பத்தை விளைவித்தது. 2010களின் பிற்பகுதியில் 'மியூசிக் ரைட்ஸ் மலேசியா' என்னும் ஒற்றைச்சாளர ஏற்பாடு முயன்று பார்க்கப்பட்டதன் பின்னணி இதுவே. 2012, 2022ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் இவ்வமைப்புகளை 'மைஐபோ' எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தின் மேற்பார்வையில் கொண்டுவந்தன. எனவே எந்த அமைப்பிலும் உறுப்பினராகுமுன் அது அக்கழகத்தின் அறிவிப்பைப் பெற்றுள்ளதா என்று உறுதி செய்துகொள்வது நன்று.

அமெரிக்க அனுபவம்: கணக்கின் வலிமையும் வரம்பும்

இணைய வானொலிக்கென்றே தனி விகிதம் வகுத்து நெடுங்காலம் நடைமுறைப்படுத்திய நாடு அமெரிக்கா. அங்கு வானலை நிலையங்கள் பாடகருக்கோ ஒலிப்பதிவு உரிமையாளருக்கோ எதுவும் செலுத்துவதில்லை. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் மட்டுமே செலுத்துகின்றன. இணைய வானொலியோ, 1990களின் சட்டங்களால், அனைவருக்கும் செலுத்தக் கடமைப்பட்டது. அங்கு நடந்த விவாதம் நமக்கும் படிப்பினையாகும்.

2002ஆம் ஆண்டு ஜூனில், ஒரு பாடல் ஒரு கேட்பாளரை அடைவதை ஒரு 'நிகழ்த்துகை' எனக் கொண்டு, நிகழ்த்துகை ஒன்றுக்கு 0.07 சென்ட் என்று விகிதம் அறிவிக்கப்பட்டது. சிறு நிலையங்கள் இதனைத் தாங்கமாட்டாவென முறையிட்டதால், அவ்வாண்டிலேயே வருமானத்தில் ஒரு விழுக்காட்டைச் செலுத்தும் மாற்றுவழிக்கு இடமளிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2007ஆம் ஆண்டு மார்ச்சில் பதிப்புரிமைத் தொகை வாரியம், 2006க்கு 0.08 சென்ட்டில் தொடங்கி 2010க்கு 0.19 சென்ட் வரை உயரும் விகிதங்களை அறிவித்தது. அதனை எதிர்த்து அவ்வாண்டு ஜூன் 26ஆம் நாள் அமெரிக்க இணைய வானொலிகள் பல ஒலியை நிறுத்தி மௌன நாள் அனுசரித்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வழிவகுத்தன.

சந்தா பெறாத வணிக நிலையங்களுக்கு 2021ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட விகிதம் 0.21 சென்ட். இதனைக் கொண்டு நம் கற்பனைப் பாடலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எந்நேரமும் சராசரியாக 100 பேர் கேட்கும் ஒரு நிலையம், மணிக்கு 12 பாடல் வீதம் 30 நாள் இயங்கினால், 8,64,000 நிகழ்த்துகைகள் ஆகின்றன. நிலையம் செலுத்த வேண்டியது ஏறத்தாழ 1,814 டாலர். விளம்பர வருவாய் இல்லாத ஒரு சிறு தமிழ் வானொலிக்கு இது பெருஞ்சுமை. மறுபுறம், நம் பாடல் நாளுக்கு மூன்று முறை ஒலித்தால் மாதத்தில் 9,000 நிகழ்த்துகைகள். அதற்குரிய தொகை 18 டாலர் 90 சென்ட் மட்டுமே. அமெரிக்கச் சட்டப்படி இதில் 50 விழுக்காடு ஒலிப்பதிவு உரிமையாளருக்கும், 45 விழுக்காடு முதன்மைக் கலைஞருக்கும், 5 விழுக்காடு உடன் வாசித்தோர், உடன் பாடியோர்க்கும் உரியவை. பாடகிக்கு ஏறத்தாழ எட்டரை டாலரும், பக்க இசைஞர்க்கு ஒரு டாலருக்கும் குறைவான தொகையும் கிடைக்கும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்கு வேறு வழியே வரும்.

இக்கணக்கிலிருந்து இரு உண்மைகள் புலனாகின்றன. ஒரே விகிதத்தை அனைவர்மீதும் சுமத்தினால், சிறுபான்மை மொழிப் பாடல்களை ஒலிக்கச்செய்யும் சிறு நிலையங்களே முதலில் மூடப்படும். அவை மூடினால் சிற்றூர்க் கலைஞர்க்கு ஒலிக்கும் வாயிலும் மூடும். ஆதலின் வருவாய்க்கேற்ற விழுக்காடும், அதனோடு ஒரு சிறு குறைந்தபட்சக் கட்டணமும் சேர்ந்த முறையே இருதரப்புக்கும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. இரண்டாவது உண்மை, உடன் வாசித்தோர்க்கும் ஒரு பங்கு சட்டத்திலேயே வகுக்கப்பட்டிருப்பதாகும். அப்பங்கு சிறிதேயாயினும், உருமி வாசித்தவரும் உரிமையாளரே என்ற ஏற்பு அதில் உள்ளது.

இந்தியத் திருத்தமும் தமிழ்த் திரைப்பாடலும்

மலேசியத் தமிழ் வானொலிகளில் ஒலிப்பவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் திரைப்பாடல்களே. ஆதலின் இந்தியச் சட்டமும் நமக்குத் தொடர்புடையது. இந்திய உச்சநீதிமன்றம் 1977ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பு, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்துத் திரைப்பாடலின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று கொண்டது. 2012ஆம் ஆண்டின் திருத்தம் இந்நிலையை மாற்றியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகைப் பங்கை, வாரிசுகளுக்கோ தொகை தண்டும் சங்கத்திற்கோ அன்றி, எவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது என்று அது விதித்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டாலும் பறிபோகாத உரிமை என்பதே இதன் சிறப்பு. பாடகர்களுக்கென 2013ஆம் ஆண்டு இந்தியப் பாடகர் உரிமைச் சங்கம் தோன்றியதும் இத்திருத்தத்தைத் தொடர்ந்தேயாகும்.

வானொலி நிலையங்கள் சட்டம் வகுத்த விகிதத்தைச் செலுத்தி எப்பாடலையும் ஒலிபரப்பலாம் என்னும் வசதியையும் அதே திருத்தம் அளித்தது. அவ்வசதி இணையவழிப் பாடல் சேவைகளுக்குப் பொருந்தாது என்று 'டிப்ஸ்' நிறுவனத்திற்கும் 'விங்க்' சேவைக்கும் இடையிலான வழக்கில் மும்பை உயர்நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. எனவே அங்கே விகிதம் பேச்சுவார்த்தையால் அமைகிறது. பேச்சுவார்த்தை என்றால் வலியவர் கை ஓங்கும் என்பது வெளிப்படை.

பெயர்ப் பதிவுச் சிக்கல்

விகிதம் எவ்வாறு அமைந்தாலும், தண்டிய தொகையைப் பகிர்வதற்கு ஒரு பட்டியல் வேண்டும். எந்தப் பதிவு, எவர் எழுதியது, எவர் பாடியது, எவர் வாசித்தது என்பன அப்பட்டியலில் இருத்தல் வேண்டும். பழைய இலங்கை வானொலியிலும் மலேசிய வானொலியிலும் அறிவிப்பாளர்கள் பாடலுக்கு முன்னரோ பின்னரோ பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியோர் பெயர்களைச் சொல்லிவந்தனர். சுவைஞர்களின் அறிவை வளர்த்த அவ்வழக்கம், ஒருவகையில் உரிமையின் பதிவாகவும் அமைந்தது. இணைய வானொலிகள் பலவற்றில் அறிவிப்பாளர் இல்லை. கணினிக் கோப்பில் எழுதப்பட்டுள்ள தரவே அறிவிப்பாளர். அக்கோப்பில் பாடலின் முதல் சொல்லும் படத்தின் பெயரும் மட்டுமே இருந்தால், கேட்டவர் எண்ணிக்கை துல்லியமாக இருந்தும் பெறவேண்டியவர் யார் என்பது தெரியாமற்போகிறது.

தமிழ்ப்பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதுவதில் உள்ள ஒழுங்கின்மை இச்சிக்கலைப் பெருக்குகிறது. இலட்சுமி என்னும் ஒரே பெயர் பிறப்புப் பத்திரத்தில் 'லெட்சுமி' என்றும், அடையாள அட்டையில் 'லெச்சுமி' என்றும், பாடல் வெளியீட்டில் 'லக்ஷ்மி' என்றும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் அமைவது தோட்டப்புறங்களில் நாம் நன்கறிந்ததே. நம் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே உடன்வருகிறது. அயல்நாட்டுத் தரவுத்தளங்கள் தந்தை பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டு ஒருவரையே இருவராகப் பதிவு செய்ய இடமுண்டு. மேடைப்பெயரும் சேர்ந்தால் மூவராதலும் கூடும். கணினி இம்மூவரையும் ஒருவரென அறியாது. ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் வழங்கப்படும் 12 எழுத்தெண்கள் கொண்ட 'ஐ.எஸ்.ஆர்.சி.' குறியீடு இக்குழப்பத்தைக் குறைக்க உதவும். ஆயினும் சொந்தச் செலவில் வெளியிடுவோர் பலர் அதனை அறியாதுள்ளனர்.

தமிழாசிரியர்களின் பங்கு

இச்சூழலில் நம்மால் ஆகக்கூடியவை சில உள்ளன. முதலாவதாக, தம் ஊர்க் கலைஞர் ஒவ்வொருவரும் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லாப் பதிவுகளிலும் பயன்படுத்தவும், மேடைப்பெயரை அதனோடு இணைத்துக் குறிக்கவும் அறிவுறுத்தலாம். இரண்டாவதாக, பதிவு நாளிலேயே பாடலாசிரியர் முதல் உருமிக் கலைஞர் வரை அனைவர் பெயரும் பங்கும் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு பக்க ஒப்பந்தத்தை வழக்கமாக்கலாம். அதன் தமிழ் வாசகத்தை அமைத்துக்கொடுப்பது நமக்கு அரிய செயலன்று. மூன்றாவதாக, 2012 முதல் 'மைஐபோ'வில் நடைமுறையிலுள்ள தன்விருப்ப அறிவிப்பு முறையின்வழிப் படைப்புகளைப் பதிவு செய்ய உதவலாம். பதிவு இல்லாவிடினும் பதிப்புரிமை உண்டு. ஆயினும் வழக்கு நேரும்போது பதிவு சான்றாக நிற்கும்.

நான்காவது, ஆய்வாளர்க்குரியது. தோட்டப்புறப் பாடல்களைத் தொகுத்து வெளியிடும்போது பாடியவர் பெயரையும் ஊரையும் குறித்து, அவர்தம் இசைவையும் எழுத்தில் பெறவேண்டும். 'வாய்மொழிப் பாடல்' என்று பொதுமையாக்கி விடுவதனால், பாடிய குரலுக்குரிய நிகழ்த்துநர் உரிமை மறைந்துவிடக்கூடாது. பாட்டு மரபினுடையதாயினும், பதிவான நிகழ்ச்சி அக்குரலுக்கு உரியவருடையது. அவ்வுரிமை ஐம்பது ஆண்டுகள் நிலைப்பது. அவர்தம் பிள்ளைகளுக்கும் பயன்படுவது.

முடிவுரை

இணைய வானொலி தரும் உரிமைத்தொகை, சிற்றூர்க் கலைஞரின் வாழ்வை ஒரேயடியாக உயர்த்திவிடும் என்று கூறுவதற்கில்லை. மேற்கண்ட கணக்கே அதற்குச் சான்று. ஆயினும் பல நாடுகளில், பல நிலையங்களில், பல்லாண்டுகள் ஒலிக்கும் பாடலின் சிறுதொகைகள் சேர்ந்தே கலைஞரின் முதுமைக்கு ஆதரவாகின்றன. நியாயமான விகிதத்தை வகுப்பது அரசும் கூட்டு மேலாண்மை அமைப்புகளும் நிலையங்களும் கூடிச் செய்யவேண்டிய பணி. அவ்விகிதப்படி வரும் தொகை தெலுக் இந்தான் பாடகியின் கையை அடைவதற்கு அவர் பெயர் பிழையின்றிப் பதிவாகியிருத்தல் வேண்டும். ஆற்றுப்படைக் கலைஞன் தான் கண்ட வழியைப் பிறனுக்குச் சொன்னதுபோல, எழுத்தறிந்த நாம் பாட்டறிந்தவர்க்கு இவ்வழியைக் காட்டுதல் கடனாகும்.